காலி வீதிக்கும் ஹட்டன் வளைவுகளுக்கும் ஒரே செட்டிங்: ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வாசகருக்குப் பதில்

கேள்வி:

அண்ணா, நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். போன வருடம் ஒரு 2008 சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், மெனுவல் கியர், வாங்கினேன். முன்னர் வைத்திருந்தவர் 40 மில்லிமீற்றர் இறக்கும் ஸ்பிரிங் போட்டிருக்கிறார். ஷொக் பழையதுதான். கிழமை நாட்களில் கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மாதம் ஒரு தடவையாவது மாத்தறைக்கு ஹைவேயில் போவேன். மனைவியின் வீடு ஹட்டனில். மகளுக்கு மூன்று வயது. கார் வேகத்தடைகளில் இடிக்கிறது, ஹைவேயில் இடது பக்கம் இழுக்கிறது, முன் டயர் இரண்டும் உள்பக்கம் தேய்ந்துவிட்டன. அலைன்மென்ட் செய்தேன், “எல்லாம் பச்சை” என்றார்கள். நண்பர் ஒருவர் கொயில்ஓவர் போட்டு, கெம்பர் மைனஸ் 3, டோ அவுட் வைத்தால் கார் வெட்டித் திரும்பும் என்கிறார். கார் வேகமாகவும் ஓட வேண்டும், குடும்பத்தோடு போகவும் வேண்டும். என்ன ஸ்பிரிங், என்ன செட்டிங் வைக்கலாம்?

பதில்:

தம்பி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பேசலாம். அந்த 40 மில்லிமீற்றர் ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். அதற்குப் பதிலாக 15, மிஞ்சினால் 20 மில்லிமீற்றர் மட்டும் இறங்கும் ஸ்பிரிங் போடுங்கள். அதோடு பொருத்தம் பார்த்த புது ஷொக் நான்கும் வேண்டும். முன் கெம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சில்லு சாயும் கோணம்; மேற்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ், அதாவது நெகட்டிவ்) இடது சில்லில் மைனஸ் 1 பாகை 30 நிமிடம், வலது சில்லில் மைனஸ் 1 பாகை 15 நிமிடம். முன் டோ (மேலிருந்து பார்த்தால் சில்லுகளின் முன்விளிம்பு உள்ளே அல்லது வெளியே பார்க்கும் அளவு; வெளியே பார்த்தால் டோ அவுட்) பூச்சியம். பின்பக்கம் கம்பனி அளவிலேயே இருக்கட்டும். மைனஸ் 3 உங்கள் காருக்கு வேண்டாம். ஆனால் இந்த எண்களை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் கார் சரிவராது. அதனால்தான் மீதியை எழுதுகிறேன்.

இந்த வண்டியில் எனக்குப் பிரியம் அதிகம். 1.6 லீற்றர் எஞ்சின், 125 குதிரைவலு, எடை ஒரு தொன்னுக்குச் சற்று மேலே. முன்னுக்கு மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒரே தூணாகச் சில்லைத் தாங்கும் அமைப்பு), பின்னுக்கு டோர்ஷன் பீம் (இரு பின் சில்லையும் இணைக்கும், முறுகக்கூடிய குறுக்குத் தண்டு). இந்த இரண்டையும் மனதில் வைத்தால்தான் எதை மாற்றலாம், எதை மாற்ற முடியாது என்பது விளங்கும். கம்பனி கொடுத்த அமைப்பில் முன்பக்கம் டோவை மட்டும்தான் திருத்தலாம். கெம்பருக்குத் தனியாக வழி செய்ய வேண்டும். பின் பீமில் கெம்பரையோ டோவையோ மாற்றுவதற்கு ஒரு போல்ட்டும் கிடையாது. நாலு சில்லையும் அட்ஜஸ்ட் பண்ணியதாக யாராவது சொன்னால், பின்னுக்கு எதைத் திருகினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, உயரத்துக்கு வருவோம். உங்கள் காரின் தொல்லைகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சமதரையில் காரை நிறுத்தி, முன் சில்லுக்குப் பின்னால் குனிந்து, சில்லின் அடியைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோவர் ஆர்மைப் பாருங்கள். கம்பனி உயரத்தில் அந்த ஆர்ம் உள்ளிருந்து வெளியே போகப் போகக் கீழே சாய்ந்திருக்கும். வெளிமுனையில் உள்ள போல் ஜொயின்ட் தாழ, உள்முனை ரப்பர் புஷ் உயர. வளைவில் கார் சரியும்போது வெளிப்பக்கச் சில்லு பொடியை நோக்கி மேலே ஏறும். ஆர்ம் கிடைமட்டத்தை அடையும் வரை போல் ஜொயின்ட் வெளியே தள்ளப்படும், சில்லின் அடி வெளியே போகும், நெகட்டிவ் கெம்பர் கொஞ்சம் கூடும். அந்தச் சரிவில் டயருக்குத் தேவையானதும் அதுதான். கிடைமட்டத்தைத் தாண்டினால் கதை மாறிவிடும். போல் ஜொயின்ட் திரும்பவும் உள்ளே வரத் தொடங்கும், சில்லின் அடியும் உள்ளே வரும், வளைவின் நடுவில் டயர் தன் வெளி ஓரத்தில் நிற்கும். 40 மில்லிமீற்றர் இறக்கிய கார் நின்ற நிலையிலேயே அந்த எல்லைக்கு வந்துவிடுகிறது.

இன்னொன்றும் அதோடு சேர்ந்து நடக்கிறது. ஆர்ம் கிடைமட்டத்துக்கு வர வர முன்பக்கத்தின் ரோல் சென்டர், அதாவது வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரிகிறதோ அது, கீழே விழும். காரின் ஈர்ப்பு மையம் 40 மில்லிமீற்றர்தான் இறங்கியது, ரோல் சென்டரோ அதைவிடக் கூடுதலாக இறங்கிவிட்டது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடினால் கார் முன்பைவிட அதிகமாகச் சரியப் பார்க்கும். இறக்கியதால் வந்த சரிவை அடக்கவே கடின ஸ்பிரிங் தேவைப்படுகிறது. கடின ஸ்பிரிங் போட்டால் கரடுமுரடான றோட்டில் டயர் துள்ளும். டயர் தரையில் இல்லாத நேரத்தில் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. நம் நாட்டு வீதிகளில் வேகம் என்பது டயரைத் தரையோடு வைத்திருக்கும் திறமைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்குச் சில்லு மேலும் கீழும் போய்வர இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் உங்கள் ஸ்பிரிங் தின்றுவிட்டது.

எவ்வளவு தின்றது என்று நீங்களே அளக்கலாம். முன் ஷொக்கின் ரப்பர் உறையை மேலே தூக்கி, மின்னும் தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டுங்கள். வழுக்கிப் போகக்கூடிய இறுக்கம் போதும். அதை ஷொக்கின் உடலோடு ஒட்டக் கீழே தள்ளிவிட்டு, வழக்கம்போல வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்குப் போய் வாருங்கள். வந்து பார்த்தால் ஷொக் எவ்வளவு அமுங்கியதோ அந்த இடத்தில் டை நிற்கும். அது பம்ப் ஸ்டொப்பின் அடியில் போய் முட்டி நின்றால், வேகத்தடையில் கேட்கும் அந்த “டொக்” எங்கிருந்து வருகிறது என்பது விளங்கிவிடும். பம்ப் ஸ்டொப் என்பது கடைசி ஆபத்துக்கு வைத்த ரப்பர் துண்டு. நாளாந்தம் அதில் உட்கார்ந்து ஓடினால் முதலில் அது நொறுங்கும், அப்புறம் ஷொக்கின் வால்வு போகும். இதைவிடப் பெரிய ஆபத்து வளைவில் இருக்கிறது. வெளி முன் சில்லு பம்ப் ஸ்டொப்பைத் தொட்ட கணத்தில் அந்தப் பக்கம் திடீரெனப் பல மடங்கு கடினமாகிவிடும், முன் டயர் பிடி விடும், கார் நேரே போகப் பார்க்கும். கினிகத்தேனைப் பக்கம் மழையில், எதிரே பஸ் வரும் வளைவில் அது நடக்கக் கூடாது.

கொயில்ஓவர் பற்றி, அதாவது மரையைத் திருகி உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷொக் செட் பற்றி. நல்ல கொயில்ஓவரை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் அது உங்கள் தேவைக்கு உரியதல்ல. ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் காரின் ஒரு முன் ஸ்பிரிங் சுமக்கும் எடை ஏறத்தாழ 300 கிலோ. மலிவு கொயில்ஓவர்களில் முன் ஸ்பிரிங் மில்லிமீற்றருக்கு 6, 7 கிலோ என்று வரும், அதாவது ஒரு மில்லிமீற்றர் அமுக்க அவ்வளவு எடை வேண்டும். 7 கிலோ ஸ்பிரிங்கோடு அந்த எடை வினாடிக்கு 2.4 தடவை அளவில் ஆடும். சாதாரண குடும்பக் காரில் இது 1 முதல் 1.5 வரை இருக்கும், றோட்டில் விறுவிறுப்பாக ஓடும் காருக்கு 1.5 முதல் 1.8 வரை போதும். 2-க்கு மேலே போனால் அது வழவழப்பான ஓட்டப் பாதைக்குரிய அளவு. கட்டுக்குருந்தை, பன்னல மாதிரி இடங்களுக்குச் சரி. மில்லிமீற்றருக்கு மூன்று, மூன்றரை கிலோ ஸ்பிரிங் உங்களை 1.6 அளவில் நிறுத்தும். பின் இருக்கையில் மகள் தூங்கவும் அது விடும், நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் உடனே பதில் சொல்லவும் செய்யும்.

கடற்கரை ஓரம் குடியிருப்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. மெரின் டிரைவ் பக்கம் இரவில் நிறுத்தும் காரின் கொயில்ஓவர் மரையில் உப்புக் காற்று பட்டு, கொஞ்ச நாளில் கொலர் இறுகிவிடும். உயரம் மாற்றலாம் என்று காசு கொடுத்து வாங்கிய பொருளை மாற்ற முடியாமல் வெட்டிக் கழற்றிய கார்களை நான் பார்த்திருக்கிறேன். மேல் மவுண்டில் ரப்பருக்குப் பதில் உலோக உருண்டை மூட்டு (பில்லோ போல்) வைத்த வகை என்றால் நம் தூசிக்கும் மழைக்கும் சீக்கிரமே சத்தம் போடத் தொடங்கும்.

ஷொக்கை நான்கும் புதிதாகவே வாங்குங்கள். பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் இருந்து கழற்றி வந்த செட் கிடைக்கும், விலையும் இறங்கி வரும். பொடி பாகம், கண்ணாடி, கியர் நொப் என்று எத்தனையோ சாமானுக்கு அது அருமையான இடம். ஷொக்குக்கு அங்கே போகவேண்டாம் என்பேன். வெளியே எண்ணெய் கசியாத ஷொக்கின் உள்ளே வால்வு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கையால் அமுக்கிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒரே தயாரிப்பாளர் சேர்த்து விற்கும் செட்டாக இருந்தால் இன்னும் நல்லது. பழைய ஷொக்கில் கடின ஸ்பிரிங் போட்டால் ஸ்பிரிங் திரும்பி விரியும் வேகத்தை ஷொக்கால் பிடிக்க முடியாது. ஹைவேயில் பாலத்து இணைப்பைத் தாண்டியதும் கார் இரண்டு மூன்று முறை எழுந்து அடங்கினால் காரணம் அதுதான். உங்கள் காரில் இப்போதே அது இருக்கும் என்று நினைக்கிறேன்.

பொருத்தும்போது ஒரு விஷயத்தை கராஜ் பாஸிடம் கட்டாயம் சொல்லுங்கள். லோவர் ஆர்ம் புஷ்களின் போல்ட்டையும் பின் பீமின் போல்ட்டையும் கார் லிஃப்டில் தொங்கும்போது இறுதியாக இறுக்கக் கூடாது. அந்த ரப்பர் புஷ் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியது, சுழலாது, முறுகும். சில்லு தொங்கும் நிலையில் இறுக்கினால், காரைத் தரையில் இறக்கியதும் புஷ் முறுகியபடியே நிற்கும். கார் உயரமாகத் தெரியும், சவாரி கடினமாக இருக்கும், சில மாதத்தில் ரப்பர் கிழியும். தளர்வாக மாட்டி, காரைச் சில்லின் மேல் நிற்க வைத்து, பொடியை நாலைந்து முறை அமுக்கி விட்டு, அப்புறம் டோர்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். பள்ளத்தின் மேல் காரை நிறுத்த வசதி உள்ள கராஜ் என்றால் இது பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் விடுவதால் வீணாகும் புஷ்கள்தான் என் கராஜுக்கு அதிகம் வருகின்றன.

அதே சமயத்தில் லோவர் ஆர்மின் பின் புஷ், போல் ஜொயின்ட், டை ரொட் என்ட், ஸ்ட்ரட் மேல் மவுண்ட், பெயரிங் எல்லாம் பாருங்கள். 2008 கார், கொழும்பு றோட்டு. அந்தப் பின் புஷ் கிழிந்திருக்க இடமுண்டு. வெறும் கண்ணால் பார்க்க ஒரு வழி: ஒருவர் காரை மெல்ல நகர்த்திச் சட்டென்று பிரேக் பிடிக்க, நீங்கள் பக்கத்தில் நின்று சில்லைப் பாருங்கள். மட்கார்ட்டுக்குள் சில்லு பின்னால் போய் வந்தால் புஷ் போய்விட்டது. போன புஷ்ஷோடு செய்யும் அலைன்மென்ட் மெஷினில் மட்டும்தான் சரியாக இருக்கும். முதல் பிரேக்கில் டோவும் காஸ்டரும் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சு சாயும் கோணம்) வேறாகிவிடும்.

இப்போது டயர். உள்பக்கம் தேய்ந்த அந்த இரண்டு டயரையும் மாற்றாமல் அலைன்மென்ட் செய்து பயனில்லை. 16 அங்குல ஒரிஜினல் ரிம் இருந்தால் 195/50 ஆர்16 அளவையே வைத்திருங்கள். வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பாருங்கள். 2423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 24-ஆம் வாரம் செய்தது. இரண்டு மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் புதியதைப் பின்னுக்குப் போட்டு, பின்னுக்கு இருக்கும் நல்ல ஜோடியை முன்னுக்குக் கொண்டு வாருங்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங் கையில் தெரியும், காலை எடுக்கலாம். பின் டயர் வழுக்கினால் பெரும்பாலானோருக்குத் தெரியும்போது நேரம் கடந்துவிடும்.

தேய்மானம் கெம்பரால் வந்ததா டோவால் வந்ததா என்று கேட்பீர்கள். உள்ளங்கையை டயரின் முகத்தில் குறுக்காக, உள்ளே ஒரு தரம் வெளியே ஒரு தரம் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் விளிம்புகள் கையைப் பிடிப்பதுபோலவும் இருந்தால் டோ. இரு திசையிலும் ஒரேமாதிரி, உள்பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தால் கெம்பர். உங்கள் காரில் டோவின் பங்குதான் பெரிது என்று ஊகிக்கிறேன். காரை இறக்கும்போது, ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட்டின் கோணமும் லோவர் ஆர்மின் கோணமும் ஒரே அளவில் மாறுவதில்லை. அதனால் டோ தானாகவே நகர்ந்துவிடும்.

டோவின் தேய்மானம் எவ்வளவு என்று பலரும் உணர்வதில்லை. மொத்த டோ அவுட் 3 மில்லிமீற்றர், அதாவது ஒரு சில்லுக்கு ஒன்றரை என்று வையுங்கள். 16 அங்குல ரிம்மின் விட்டம் 406 மில்லிமீற்றர். கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அந்த டயர் 3.7 மீற்றர் பக்கவாட்டில் இழுபடுகிறது. மாத்தறைக்கு 150 கிலோமீற்றர் என்றால் ஒரு போக்கிலேயே அரைக் கிலோமீற்றருக்கு மேல் ரப்பர் தாரில் குறுக்காக உரசுகிறது. நண்பர் சொல்லும் டோ அவுட் திரும்பத் தொடங்கும் கணத்தில் முன்பக்கத்தைச் சுறுசுறுப்பாக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஹைவேயில் நூறில் போகும்போது அதே சுறுசுறுப்பு ஸ்டியரிங்கை ஓய விடாது. றோட்டின் ஒவ்வொரு தடத்தையும் முன் சில்லு மோப்பம் பிடித்துக்கொண்டு போகும். காரில் ரசித்து ஓட்டும் ஆசை மிகுந்தால் மொத்தம் 1 மில்லிமீற்றர் அவுட் வரை போகலாம். நீங்கள் மாதாமாதம் மாத்தறை போகிறவர், பூச்சியத்தில் நில்லுங்கள்.

கெம்பர் மைனஸ் 3 எதற்கு என்றால் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி போன்ற இடத்துக்கு. அங்கே வளைவில் கார் சரியும் அளவும் டயரின் பிடியும் வேறு. வீதியில் நீங்கள் அந்த விசையில் பாதியைக்கூடத் தொடமாட்டீர்கள். அப்படியிருக்க, நேர்ப் பாதையில் டயரின் உள் ஓரத்தில் மட்டும் நின்று ஓடி, ஈரத் தாரில் அவசர பிரேக்கை அந்த ஓரத்தின் மேலேயே பிடிக்க வேண்டிவரும். மைனஸ் ஒன்றரை ஏன் என்றால், ஸ்ட்ரட் வகை முன்பக்கம் சரிவில் தானாகக் கூட்டும் நெகட்டிவ் கெம்பர் மிகக் குறைவு. அந்தக் குறையை நின்ற நிலையிலேயே கொஞ்சம் ஈடுகட்டி வைக்கிறோம். டோ பூச்சியமாக இருக்கும்வரை இந்த அளவு கெம்பர் டயரைப் பெரிதாகத் தின்னாது.

இதை வைக்கும் வழி கெம்பர் போல்ட். ஸ்ட்ரட்டும் சில்லைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் இரண்டு போல்ட் இருக்கும். மேல் போல்ட்டுக்குப் பதில் மையம் விலகிய போல்ட் ஒன்று போடுவார்கள். அது வழக்கமான போல்ட்டைவிட மெல்லியது. தயாரிப்பாளர் தாளில் கொடுத்த டோர்க்கில் இறுக்கவேண்டும், காற்று ரெஞ்சால் அடித்து விடக்கூடாது. இறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து ஸ்ட்ரட்டுக்கு வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பெரிய குழியில் விழுந்த பிறகு குனிந்து பார்த்தால், கோடு உடைந்திருக்கிறதா என்பதிலேயே கெம்பர் நகர்ந்ததா என்பது தெரியும்.

இனி அலைன்மென்ட் மேசைக்கு வருவோம். “எல்லாம் பச்சை” என்பதை நான் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. மெஷினில் பச்சை என்பது ஒரு எல்லைக்குள் இருக்கிறது என்பது மட்டும்தான். எல்லை பூச்சியத்துக்கு இருபக்கமும் 1 பாகை என்று வையுங்கள். இடது சில்லு பிளஸ் 0.8, வலது மைனஸ் 0.8 என்றாலும் இரண்டும் பச்சை காட்டும். ஆனால் கார் பொசிட்டிவ் கெம்பர் கூடிய பக்கம் இழுக்கும், அதாவது இடது. ஆகவே நிறத்தை விட்டு எண்ணைக் கேளுங்கள். செய்வதற்கு முன் ஒரு தாள், செய்தபின் ஒரு தாள், இரண்டும் அச்சில்.

எண்ணை வாசிக்கும்போதும் கவனம். சில மெஷின் பாகையும் நிமிடமும் காட்டும், சில தசமத்தில் காட்டும். 1 பாகை 30 நிமிடம் என்பது தசமத்தில் 1.50, தாளில் 1.30 என்று இருந்தால் எந்தக் கணக்கு என்று கேட்டுத் தெளிவாகுங்கள். டோவிலும் அப்படித்தான்: மில்லிமீற்றரா பாகையா, ஒரு சில்லுக்கா மொத்தமா என்று பாருங்கள். உங்கள் ரிம்முக்கு 1 மில்லிமீற்றர் என்பது எட்டரை நிமிடம் அளவில் வரும்.

காரை ஏற்றுவதற்கு முன் டயர் ஆறியிருக்கும்போது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் எழுதிய அளவுக்குக் காற்று, பாதித் தாங்கி பெற்றோல், பூட்டில் தேவையில்லாத சாமான் எதுவும் இல்லை. நீங்கள் பெரும்பாலும் தனியாக ஓட்டுகிறவர் என்றால் அளக்கும்போது டிரைவர் இருக்கையில் உங்கள் எடை இருக்க வேண்டும்; கடையில் விடமாட்டார்கள் என்றால் அதே எடைக்கு மணல் மூட்டை வைக்கக் கேளுங்கள். முதலில் பின்பக்கம் அளக்கட்டும். பின் பீம் வளைந்து, பின் சில்லுகள் ஒருபக்கம் பார்த்து நின்றால் முன்னுக்கு எவ்வளவு திருத்தினாலும் ஸ்டியரிங் கோணலாகவே நிற்கும். அப்புறம் காஸ்டர்; உங்கள் காரில் அது திருத்த வருவதில்லை, இடதுக்கும் வலதுக்கும் அரைப் பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது. அப்புறம் கெம்பர். டோ கடைசியில்தான், ஏனென்றால் கெம்பரைத் தொட்டால் டோ நகரும். டை ரொட்டைத் திருப்பும்போது ஸ்டியரிங் ரெக்கின் ரப்பர் உறையின் கிளிப்பைத் தளர்த்தாவிட்டால் உறை பிழிந்த சேலை மாதிரி முறுகி நிற்கும், பிறகு கிழிந்து தண்ணீர் உள்ளே போகும். வேலை முடிந்ததும் குனிந்து அதை ஒருதரம் பாருங்கள்.

இடது பக்க இழுவைக்கு இப்போது வரலாம். நம் வீதி மழைநீர் வடிய இடது ஓரத்துக்குச் சாய்த்துக் கட்டியது, நாமும் இடதில் ஓடுகிறோம், அதனால் சரியான காரும் மெல்ல இடதுக்கு நகரும். நான் இடது சில்லில் 15 நிமிடம் கூடுதல் நெகட்டிவ் கெம்பர் சொன்னது அதற்காகத்தான். வலது சில்லு அந்த அளவுக்கு எதிர்த்திசையில் இழுத்துப் பிடிக்கும். உங்கள் கார் அதைவிட அதிகமாக இழுக்கிறது என்றால் முதலில் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒரே திசையில் ஓடவேண்டிய அம்புக்குறி போட்ட டயர் என்றால் அப்படி மாற்றக் கூடாது, வேறு ஜோடியைப் போட்டுப் பார்க்க வேண்டும். மாற்றியதும் இழுவையும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறாவிட்டால், ஹைவேயை விட்டு இறங்கியதும் நான்கு ரிம்மின் அருகிலும் கையை வைத்துப் பாருங்கள். இடது முன் ரிம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்கத்து பிரேக் கலிப்பர் விடாமல் பிடிக்கிறது. கெம்பரால் அதை மறைக்கப் பார்க்காதீர்கள், கலிப்பரைச் செய்யுங்கள்.

பின்பக்கத்துக்கு, கார் சரிவதைக் குறைக்கும் தடித்த ரோல் பார் போடச் சிலர் சொல்வார்கள். முன் சில்லு ஓட்டும் சின்னக் கார் மூக்கைத் தள்ளிக்கொண்டு போவதை அது குறைக்கும், உண்மை. ஆனால் ஈர மலைப்பாதையில் வளைவுக்குள் பயந்து காலை எடுத்தால் பின்பக்கம் சுற்றிவரும். மகளோடு ஹட்டன் போகும் காருக்கு நான் அதைப் போடமாட்டேன்.

பொருத்தும் வரிசை: புஷ், ஜொயின்ட் எல்லாம் முதலில், பிறகு ஸ்பிரிங்கும் ஷொக்கும், பிறகு டயர். இருநூறு கிலோமீற்றர் அளவு ஓடவிடுங்கள், ஸ்பிரிங் படியும். அப்புறம் சில்லின் மையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிவைத்துவிட்டு அலைன்மென்டுக்குப் போங்கள். காசு ஒரே நேரத்தில் கூடிவராவிட்டால் கம்பனி ஸ்பிரிங்கும் புது ஷொக்கும் போட்டு, கெம்பர் போல்ட்டோடு நிறுத்தலாம். 40 மில்லிமீற்றர் இறக்கி மைனஸ் 3 வைத்த காரைவிட அது ஹட்டன் பாதையில் வேகமாகவே போகும்.

ஸ்பிரிங் மாற்றியதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்; விபத்து நேர்ந்த பிறகு அந்தப் பேச்சு எழக்கூடாது. முதல் ஓட்டத்துக்கு ஹைவே நல்லது: கொட்டாவையில் ஏறி, மழையில்லாத காலையில், நூறுக்குள், கையை ஸ்டியரிங்கில் லேசாக வைத்து ஓட்டுங்கள். ஸ்டியரிங் நேராக நிற்கிறதா, பாலத்து இணைப்பில் கார் ஒரே அசைவில் அடங்குகிறதா என்று பாருங்கள். ஆயிரம் கிலோமீற்றரில் கெம்பர் போல்ட்டின் வெள்ளைக் கோட்டையும் டயரையும் மறுபடி பார்த்து, உள்ளங்கை ஒரு திசையில் பிடித்தால் டோவை மட்டும் திரும்ப அளக்கச் சொல்லுங்கள்.